பிராடக்ட் மேனேஜர் வேலை சுருங்கும் காலத்தில்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஏழு ஆண்டுகள் பிராடக்ட் மேனேஜராகப் பணியாற்றினேன், கடைசி நான்கு ஆண்டுகள் ஆன்லைன் பணப் பரிவர்த்தனைப் பிரிவில் இருந்தேன். ஒன்பது மாதங்களுக்கு முன் எங்கள் குழு முழுவதையும் கலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து 160 இடங்களுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன். பதினோரு இடங்களில் நேர்காணலுக்கு அழைத்தார்கள்; மூன்றில் இறுதிச் சுற்று வரை சென்றேன். அவற்றில் ஒன்றில், சம்பளம் வரை பேசி முடித்த பிறகு, ‘இந்தப் பணியிடம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. இந்த வேலையே இனி இருக்காது என்கிறார்கள். உண்மையா? ஏஐ பிராடக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் படிப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேரலாமா? ஒரு நடுத்தர நிறுவனம் பிசினஸ் அனலிஸ்ட் வேலை தருவதாகச் சொல்கிறது. சம்பளம் முன்பு வாங்கியதில் முக்கால் பங்கு. மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என் ரெஸ்யூமையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த இரண்டு வரி மின்னஞ்சல்தான். ஏனென்றால் அப்படியொரு மின்னஞ்சலை அனுப்பும் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பிராடக்ட் மேனேஜர்களை, அதாவது ஒரு தயாரிப்பில் எதை உருவாக்குவது என்று தீர்மானித்து அதற்குப் பொறுப்பேற்பவர்களை, வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்த மின்னஞ்சலுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதை உங்கள் தகுதியின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ஆண்டுத் தொடக்கத் திட்டத்தில் எனக்கு இரண்டு பணியிடங்கள் ஒப்புதலாகியிருந்தன. ஆறு வாரம் தேடி, ஐந்து சுற்று நேர்காணல் நடத்தி, ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். அவர் எங்களுக்காக ஒன்பது பக்கத்துக்கு ஒரு பயிற்சித் தாள் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் இருந்த ஒரு யோசனையை நாங்கள் கூட்டத்தில் விவாதித்துக்கூட இருந்தோம். அந்த வாரம் காலாண்டுக் கணக்கு எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. நிதித் துறை எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே வரியில் உத்தரவு அனுப்பியது: நிரப்பப்படாத பணியிடங்கள் அனைத்தையும் திருப்பிக் கொடுங்கள். செலவைக் குறைக்க வேண்டிய நேரத்தில் முதலில் பலியாவது காலிப் பணியிடம்தான். ஏனென்றால் அதை வெட்டும்போது அலுவலகத்துக்குள் இருக்கும் யாரும் அழுவதில்லை. வெளியே காத்திருப்பவரின் முகம் அந்தக் கணக்குத் தாளில் இல்லை. அவருக்கு நான் விரிவாக எழுத விரும்பினேன். சட்டச் சிக்கல் வரக்கூடும் என்று மனிதவளத் துறை இரண்டு வரிக்கு மேல் அனுமதிக்கவில்லை. அந்த இரண்டு வரியில் அவருடைய திறமையைப் பற்றி எதுவும் இல்லை, சொல்வதற்குக் குறையும் இருக்கவில்லை. உங்களுக்கு வந்ததும் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். சம்பளப் பேச்சு வரை வந்த ஒருவரை, பிடிக்காததால் ‘நிறுத்தி வைத்தோம்’ என்று யாரும் சொல்வதில்லை.

அந்த நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த காலாண்டின் முதல் வாரத்தில், மனிதவளத் துறைக்கு அல்ல, உங்களை நேர்கண்ட மேலாளருக்கே நேரடியாக எழுதுங்கள். பணியிடம் மீண்டும் திறந்தால் தெரிவிக்கும்படி ஒரு வரியும், இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய தயாரிப்பில் நீங்கள் கவனித்த ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு வரியும் போதும். அப்பணியிடம் திரும்பக் கிடைத்தால், அந்த மேலாளர் மறுபடி ஐந்து சுற்று நடத்த விரும்ப மாட்டார்.

இனி, இத்தனை இடங்கள் ஏன் மூடிக் கிடக்கின்றன என்ற கேள்விக்கு வருகிறேன். 2020, 2021 ஆண்டுகளில் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆள் எடுத்த வேகம் இயல்பான வேகமன்று. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2020 மார்ச்சிலிருந்து 0 முதல் 0.25 சதவீதத்துக்குள் இருந்தது. கடன் மலிவு, முதலீடு தாராளம். 2022 மார்ச்சில் உயரத் தொடங்கிய அந்த விகிதம் 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதத்தைத் தொட்டது. பத்து ஆண்டு கழித்து லாபம் தரலாம் என்ற நம்பிக்கையில் நடத்தப்பட்ட திட்டங்களுக்கெல்லாம் அன்றே மூச்சு அடைத்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 நவம்பரில் 11,000-க்கும் மேற்பட்டோரையும், அடுத்த மார்ச்சில் மேலும் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் மட்டும் கூகுள் சுமார் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000-க்கும் மேல் என்று அறிவிப்புகள் வரிசையாக வந்தன. அந்த ஆண்டுகளில் வேலை இழந்து வேலைச் சந்தைக்கு வந்தவர்களில் பலர் உங்களைப் போலவே நல்ல அனுபவம் உள்ளவர்கள். ஒரே நாற்காலிக்கு அவர்களும் நீங்களும் நிற்கிறீர்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் செய்யப்பட்ட திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மென்பொருள் உருவாக்கச் செலவை அதே ஆண்டின் கணக்கில் முழுதாகக் கழித்துக்கொள்ள முடிந்த நிறுவனங்கள், அதன்பின் அதை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் கழிக்க முடிந்தது; அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் வேலையாக இருந்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு. கையில் லாபம் இல்லாத சிறு நிறுவனங்கள்கூட வரி கட்ட நேர்ந்தது. 2025 ஜூலையில் உள்நாட்டுச் செலவுக்கு மட்டும் பழைய சலுகை திரும்பியது. வெளிநாட்டுச் செலவுக்கான பதினைந்து ஆண்டு விதி அப்படியே இருக்கிறது. உலகின் எந்த மூலையில் இருந்து இந்தத் துறையில் வேலை தேடுபவராக இருந்தாலும், அந்த விதியின் நிழல் அவர் மீது விழக்கூடும்.

பொறியாளர்களைவிடப் பிராடக்ட் மேனேஜர்களுக்கு இந்த அடி ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பதற்கு, வேலையின் அமைப்பே காரணம். பொதுவாக ஆறு முதல் பத்துப் பொறியாளர்களுக்கு ஒரு பிராடக்ட் மேனேஜர் என்ற கணக்கில்தான் குழுக்கள் அமைகின்றன. இரண்டு குழுக்களை ஒன்றாக்கினால் பொறியாளர்களில் சிலர் தங்கிவிடலாம். மேனேஜரில் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். நிலைமை சீராகி மறுபடி ஆள் எடுக்கும்போதும், முதலில் பொறியாளர்தான் வருவார்; இருக்கும் பிராடக்ட் மேனேஜரிடம் ‘இந்தக் குழுவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே வெட்டும்போது முன்வரிசையிலும், நிரப்பும்போது பின்வரிசையிலும் நிற்கும் பணி இது. உங்களுடைய ஒன்பது மாதத்தில் கணிசமான பகுதி இந்தக் கணக்குக்குச் சேர வேண்டியது.

ஆனால் முழுப் பழியையும் வட்டி விகிதத்தின் மேல் போட்டுவிட்டால் நான் உங்களுக்கு நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆக மாட்டேன். வேலையின் தன்மையே மாறிவருகிறது. இதன் வேரைத் தேடினால் 1931-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு சோப்பு போன்ற வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்கல்ராய் என்பவர், ஒவ்வொரு பிராண்டுக்கும் அதன் வெற்றி தோல்விக்கு முழுதாகப் பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். விற்பனை ஏன் குறைகிறது என்று களத்தில் போய்ப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, தீர்வையும் முன்வைக்க வேண்டியவர் அவர். மென்பொருள் துறை அந்தப் பொறுப்பைத்தான் எடுத்துக்கொண்டது. பிற்பாடு, குழுக்கள் பெருகப் பெருக, அதே பெயரில் வேறொரு வேலையும் வளர்ந்துவிட்டது: மேலே முடிவானதைக் கீழே டிக்கெட்டாக (சிறு சிறு வேலைக் குறிப்புகளாக) பிரித்துக் கொடுப்பது, ஸ்பிரிண்ட் எனப்படும் சில வார வேலைச் சுற்றுகளுக்கான கூட்டம் நடத்துவது, நான்கு துறைகளுக்கும் நிலவர அறிக்கை அனுப்புவது. இந்த இரண்டாவது வேலைதான் இப்போது உதிர்கிறது.

சில சான்றுகளைச் சேர்த்துப் பாருங்கள். கேபிட்டல் ஒன் வங்கி 2023 ஜனவரியில் அஜைல் முறையை (வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) நடத்துவதற்கென்றே இருந்த 1,100-க்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்கி, அந்தப் பொறுப்புகளைப் பொறியியல், பிராடக்ட் குழுக்களுக்குள்ளேயே கரைத்துவிட்டது. அதே ஆண்டு, தங்குமிட முன்பதிவு நிறுவனமான ஏர்பிஎன்பியின் தலைவர் பிரையன் செஸ்கி, பிராடக்ட் மேனேஜர் பணியைப் பிராடக்ட் மார்க்கெட்டிங்குடன் (தயாரிப்பை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பணியுடன்) இணைத்ததைப் பற்றிப் பேசினார். ‘அங்கே பிராடக்ட் மேனேஜரையே ஒழித்துவிட்டார்கள்’ என்று செய்தி பரவியது. உண்மையில் அவர்கள் பொறுப்பை அகலமாக்கினார்கள். அமேசான் 2024 செப்டம்பரில், மேலாளர்களுடன் ஒப்பிட்டுத் தனிப் பங்களிப்பாளர்களின் (கீழே ஆட்கள் இல்லாமல் தாமே வேலை செய்பவர்களின்) விகிதத்தைக் குறைந்தது 15 சதவீதம் உயர்த்தச் சொன்னது. அது நேரடியாகப் பிராடக்ட் மேனேஜரைக் குறிவைத்ததன்று, எனினும் நடுவில் இருந்து ஒருங்கிணைக்கும் அடுக்கு மெலிய வேண்டும் என்ற எண்ணம் அதிலும் தெரிகிறது. 2025 ஏப்ரலில், இணையக் கடைகளுக்கான மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனத்தின் தலைவர் டோபி லுட்கே, புதிய ஆள் கேட்கும் குழு அந்த வேலையை ஏஐ கொண்டு ஏன் செய்ய முடியாது என்று முதலில் நிறுவ வேண்டும் என்றே உத்தரவிட்டார். கூட்டக் குறிப்பும், தேவை ஆவணத்தின் முதல் வரைவும், டிக்கெட் பிரிப்பும் இன்று சில நிமிடங்களில் முடிகிற வேலைகள் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இதற்கு நேர் எதிரான குரலும் அதே 2025-இல் எழுந்தது. ஏஐ ஆய்வாளர் ஆண்ட்ரூ இங், நிரல் எழுதுவது வேகமாகும்போது எதை உருவாக்குவது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் நெரிசல் ஏற்படும் என்றும், ஆகவே பிராடக்ட் மேனேஜர் தேவை கூடும் என்றும் சொல்லிவருகிறார். என் கருத்து இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஒரு திருத்தத்துடன். 2021-இல் இருந்த எண்ணிக்கையில் பணியிடங்கள் திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திரும்புகிற இடங்கள், தீர்மானிக்கத் தெரிந்தவரைத் தேடும். இதில் மிகவும் சிரமப்படப் போகிறவர்கள் கல்லூரியிலிருந்து நேரே வருகிறவர்கள். ஏழு ஆண்டு அனுபவம் உள்ள நீங்கள் அல்ல.

இந்த இடத்தில் உங்கள் ரெஸ்யூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்தில் ‘ஒருங்கிணைத்தேன்’ என்ற சொல் பதினோரு முறை வருகிறது. ‘தீர்மானித்தேன்’ என்பது ஒருமுறைகூட இல்லை. அதில் ஒரு வரி: “12 பேர் கொண்ட குழுவுடன் ஒருங்கிணைந்து, பணம் செலுத்தும் பக்கத்தின் மேம்பாட்டை உரிய காலத்தில் வெளியிட்டேன்.” இதைப் படிக்கும் மேலாளருக்கு என்ன தோன்றும்? பக்கம் வெளியாகியிருக்கிறது, நீங்கள் அருகில் இருந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் ரெஸ்யூமுடன் நீங்கள் அனுப்பிய முகப்புக் கடிதத்தின் மூன்றாவது பத்தியில், போகிற போக்கில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை முழுதாக மறுவடிவமைக்க மேலிடம் முடிவு செய்திருந்த நேரத்தில், நீங்கள் இரண்டு நாள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் உட்கார்ந்து அழைப்புகளைக் கேட்டிருக்கிறீர்கள். மக்கள் பாதியில் விட்டுப் போனதற்குக் காரணம் பக்கத்தின் தோற்றம் அன்று என்றும், ஓடிபி வந்து சேர்வதற்குள் 30 வினாடிக் கெடு முடிந்து பக்கம் மூடிக்கொண்டது என்றும் கண்டுபிடித்தீர்கள். கெடுவை 90 வினாடியாக்கச் சொன்னீர்கள், பாதுகாப்புக் குழுவின் ஆட்சேபத்துக்கு, தவறான முயற்சிகளுக்கு வரம்பு வைத்துப் பதில் கண்டீர்கள், மறுவடிவமைப்பு தள்ளிப்போனது. சகோதரி, உங்கள் ஏழு ஆண்டு உழைப்பில் எனக்குக் காட்டப்பட்ட மிகச் சிறந்த வேலை இதுதான், இதைப் போய் மூன்றாவது பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்! ஒரு பெரிய வேலையைத் தேவையில்லை என்று சொல்லி நிறுத்தும் துணிவும், அதற்கான ஆதாரத்தைக் காதால் கேட்டுத் திரட்டிய பொறுமையும் எந்த இயந்திரம் எழுதும் ஆவணத்திலும் வராது.

ரெஸ்யூமின் முதல் வரியாக அதை எழுதுங்கள்: “பணம் செலுத்தும் பக்கத்தின் மறுவடிவமைப்பு தேவையில்லை என்று வாடிக்கையாளர் அழைப்புகளைக் கேட்டு நிறுவினேன், ஓடிபி கெடுவை 30-லிருந்து 90 வினாடியாக மாற்றி, பாதியில் கைவிடப்படும் பரிவர்த்தனைகளைக் குறைத்தேன்.” எவ்வளவு குறைந்தது என்ற எண் நினைவில் இருந்து, கேட்டால் விளக்க முடியும் என்றால் சேருங்கள். சரியாக நினைவில்லை என்றால் ஊகித்து எழுத வேண்டாம். நேர்காணலில் ஒரே ஒரு எண் ஆட்டம் கண்டால் மற்ற ஆறு எண்களும் சேர்ந்து விழும். இதே போல உங்கள் ஏழு ஆண்டுகளில் ‘வேண்டாம்’ என்று சொன்ன இடங்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த இடங்கள், தேர்வு தவறாகிப் போய்த் திருத்திக்கொண்ட இடங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து கிடைத்தால் போதும். ரெஸ்யூமும் நேர்காணலும் அவற்றிலேயே நிற்கும்.

விண்ணப்பிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். 160 விண்ணப்பத்துக்குப் பதினோரு அழைப்பு என்பது இன்றைய நிலவரத்தில் வெட்கப்பட வேண்டிய கணக்கன்று. ஆனால் அந்த 160-இல் உயிரில்லாத விளம்பரங்கள் பல இருந்திருக்கும்: உள்ளே ஒருவரை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு விதிமுறைக்காகப் போட்டவை, ஒப்புதலுக்கு முன்பே வெளியிட்டவை, எடுக்க மறந்தவை. முதல் தொலைபேசி அழைப்பிலேயே ரெக்ரூட்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: இந்தப் பணியிடத்துக்கு இந்தக் காலாண்டில் ஒப்புதல் கிடைத்துவிட்டதா? புதிய இடமா, விலகியவரின் இடமா? எவ்வளவு நாளாகத் திறந்திருக்கிறது? பெரும்பாலான ரெக்ரூட்டர்கள் இதற்கு உண்மையாகவே பதில் சொல்வார்கள். நிறைவேறாத தேடலில் அவர்களுடைய நேரமும்தான் வீணாகிறது. விலகியவரின் இடம் என்றால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள், ஏனென்றால் அங்கே செய்யாமல் கிடக்கும் வேலை ஏற்கெனவே யாருக்கோ வலித்துக்கொண்டிருக்கிறது. கூடவே, வெறும் மென்பொருள் நிறுவனங்களை விட்டு வெளியேயும் பாருங்கள். வங்கி, காப்பீடு, மருத்துவமனை மென்பொருள், சரக்குப் போக்குவரத்து போன்ற துறைகளில் பணப் பரிவர்த்தனை தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. அங்கே அதே வேலை வேறு பெயர்களில் இருக்கும் என்பதால், பதவிப் பெயரை வைத்துத் தேடினால் கண்ணில் படாது.

சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். நான் கலந்துகொண்ட எந்தத் தேர்வுக் கூட்டத்திலும் ஒரு சான்றிதழ் முடிவை மாற்றியதைப் பார்த்ததில்லை. ஏஐ சார்ந்த தயாரிப்பில் ஒரு பிராடக்ட் மேனேஜருக்கு உண்மையில் தேவைப்படும் திறமை, அந்த இயந்திரம் சொல்லும் பதில் நல்ல பதிலா என்று அளக்கத் தெரிவது. இதை வீட்டிலிருந்தே பழகலாம். தோல்வியடைந்த பரிவர்த்தனை பற்றி வாடிக்கையாளர் கேட்கக்கூடிய ஐம்பது கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் என்ன, சொல்லவே கூடாத பதில் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஏஐ உதவியாளரிடம் அவற்றைக் கேட்டு, எங்கெங்கே தவறுகிறது, எந்தத் தவறு பணத்தை இழக்க வைக்கும், எது வெறும் எரிச்சலோடு போகும் என்று வகை பிரியுங்கள். பத்து நாள் வேலை. அந்த ஒரு பக்க முடிவை நேர்காணலில் எடுத்து வைத்தால், சான்றிதழைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

குழு கலைக்கப்பட்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பழைய நிறுவனத்தைக் குறை சொல்லவும் வேண்டாம், ஒன்பது மாத இடைவெளிக்கு வேறு பெயர் சூட்டவும் வேண்டாம்.

இப்போது பிசினஸ் அனலிஸ்ட் வேலை, அதாவது தொழிலின் தேவைகளை ஆராய்ந்து எழுதித் தரும் வேலை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒருமுறை கீழிறங்கினால் அந்த முத்திரை ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள். நான் ரெஸ்யூம் படித்த அனுபவத்தில், பதவிப் பெயர் மாறியவரை நான் ஒதுக்கியதில்லை. அந்த இடத்தில் அவர் எதைத் தீர்மானித்தார் என்று சொல்ல முடியாதபோதுதான் ஒதுக்கினேன். ஆகவே மாத இறுதிக்குள், மனிதவளத் துறையிடம் அல்லாமல் உங்கள் மேலதிகாரியாக வரப் போகிறவரிடமே அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர்களிடம் நான் நேரடியாகப் பேசலாமா, பயன்பாட்டுத் தரவை நானே எடுத்துப் பார்க்க அனுமதி உண்டா, எந்த வேலை முதலில் என்று முடிவாகும் கூட்டத்தில் எனக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். மூன்றில் இரண்டுக்காவது தெளிவாக ஆம் என்று வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். சம்பளத்தில் குறையும் கால் பங்கைவிட, கையில் நடப்பு வேலை இருப்பது உங்கள் அடுத்த பேச்சுவார்த்தைக்கு அதிக பலம். மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்து, அடுத்தவர் கூட்டத்தில் முடிவானதை எழுதித் தரும் வேலைதான் அது என்று தெரிந்தால், சேமிப்பு நான்கு மாதத்துக்காவது தாங்கும்பட்சத்தில் மறுத்துவிடுங்கள்; தாங்காது என்றால் தயங்காமல் ஏற்றுக்கொண்டு தேடலைத் தொடருங்கள். எந்த நிலையிலும் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பதையும், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். திருத்திய ரெஸ்யூமை அனுப்பி வையுங்கள். ஒவ்வொரு வரியையும் படித்துக் கருத்துச் சொல்கிறேன்.